பாம்புப் பெட்டிக்குள் மார்கழி

மலைப்பாம்பு தன் உடற்சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் உயிரினம் அல்ல. கோழியும் ஆடும் மனிதரும் தின்றதில் பெரும்பகுதியை எரித்து உடம்பை ஒரே சூட்டில் வைத்திருக்கிறார்கள். பாம்பு அந்தச் செலவை வெயிலின் பொறுப்பிலும் தரையின் பொறுப்பிலும் விட்டுவிடுகிறது. ஒரு நடுத்தரப் பாம்புக்கு இரண்டு வாரத்துக்கு ஓர் எலி போதுமானதாக இருப்பது இதனால்தான். ஆனால் அந்த ஓர் எலி செரிக்க வேண்டுமானால் வயிறு சூடாக இருந்தாக வேண்டும். பெரிய இரையை விழுங்கிய பர்மிய மலைப்பாம்பின் இதயத் தசை இரண்டே நாளில் 40 சதவீதம் பெருப்பதை 2005 இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். அத்தனை வேலை உள்ளே நடக்கும் நேரத்தில் வெளியே குளிர் இறங்கினால் செரிமானம் நின்றுவிடும். இரை வயிற்றிலேயே அழுகும். பாம்பு அதை வெளியே கக்கும். பெட்டிக்குள் பாம்பை வைத்திருப்பவர் தரும் சூடு, அதற்கு உணவின் பாதி.

எரியோடு, திண்டுக்கல்லிலிருந்து கரூருக்குப் போகும் ரயில் பாதையில், வேடசந்தூர் வட்டத்தில் உள்ள பேரூர். சுற்றிலும் மானாவாரிக் காடு, நூற்பாலைகள், கறிக்கோழிக் கொட்டகைகள். மழை குறைவு, பெய்வதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் பெய்துவிடும். இந்த ஊரில் பாம்புக்குச் சூடு போட வேண்டும் என்றால் கேட்பவர் சிரிப்பார். சித்திரையில் ஓட்டு வீட்டுத் திண்ணையிலேயே கால் வைக்க முடியாத ஊர் இது. ஆனாலும் மார்கழியில் விடியற்காலை 20 டிகிரிக்கு அருகே இறங்கும் நாட்கள் உண்டு. மனிதருக்கு அது ஒரு போர்வையோடு முடிந்துபோகும் குளிர். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரு மலைப்பாம்புக்கு அது நோயின் தொடக்கம்.

இங்கே சொல்லப்படுவது எரியோட்டில் ஒரு வீட்டில் 2017 இல் தொடங்கிய பழக்கத்தின் நினைவு. வீட்டு மகன் பக்கத்து நூற்பாலை ஒன்றில் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்தவர். தகப்பனார் ஒப்பந்தத்துக்குக் கறிக்கோழி வளர்த்தவர். பாம்பு, பால் பைத்தான் என்ற ஆப்பிரிக்க வகை. பயந்தால் தலையை நடுவில் வைத்துப் பந்துபோலச் சுருண்டுகொள்வதால் வந்த பெயர் அது. பந்து என்பதற்கான ஆங்கிலச் சொல்லே அந்தப் பால். முழுதாக வளர்ந்தாலும் நான்கைந்து அடிக்கு மேல் போகாது. வந்தபோது ஒன்றரை அடி நீளம், விரல் பருமன்.

முதல் பெட்டி ஒரு பழைய மீன் தொட்டி. மேலே கம்பி வலை, அதற்கு மேல் 60 வாட் குண்டு பல்பு. கோழிக்குஞ்சுக்கு இதுவே போதும் என்ற எண்ணத்தில் செய்தது. அந்த ஏற்பாட்டில் மூன்று தவறுகள் இருந்தன. மூன்றும் ஒரே மாதத்தில் தெரிந்துவிட்டன. கண்ணாடி நான்கு பக்கமும் சூட்டை வெளியே விட்டது. பல்பின் வெளிச்சம் இரவில் நடமாடும் விலங்கை இரவெல்லாம் ஒடுங்க வைத்தது. மேலிருந்து இறங்கிய வறண்ட சூடு சட்டையைக் காய வைத்து, உரிக்கும்போது துண்டு துண்டாகப் பிய்த்தது. டிசம்பரில் ஒரு மாலை எலிக்குஞ்சு கொடுக்கப்பட்டது. நள்ளிரவில் பல்பு பியூஸ் போனது. வீட்டில் யாரும் விழிக்கவில்லை. மூன்றாம் நாள் அறைக்குள் அழுகல் வாடை. பாம்பு இரையைக் கக்கிவிட்டிருந்தது. கக்கிய பாம்புக்கு உடனே மறுபடி இரை கொடுக்கக் கூடாது. வயிறு ஆற இரண்டு வாரமாவது விட்டு, பிறகு சிறிய இரையாகக் கொடுக்க வேண்டும். அந்த இரண்டு வாரமும் அந்த வீட்டில் பாம்பைப் பற்றித்தான் பேச்சு.

தகப்பனாருக்குப் பாம்பு பிடிக்காது. ஆனால் சூட்டைப் பற்றி அந்த வீட்டில் அதிகம் தெரிந்தவர் அவர்தான். கறிக்கோழிக் கொட்டகையில் குஞ்சு இறக்கிய முதல் வாரம் 32 முதல் 35 டிகிரி வரை சூடு வேண்டும். பிறகு வாரம் மூன்று டிகிரியாகக் குறைத்து வர வேண்டும். அதற்கு அவர் தெர்மாமீட்டரைப் பார்ப்பதை விடக் குஞ்சுகளைத்தான் பார்ப்பார். “ஒண்ணுமேல ஒண்ணு ஏறி பல்புக்கடியில அடைஞ்சா குளுரு. இறக்கையத் தொங்கப்போட்டுக்கிட்டு ஓரமா ஒதுங்குனா சூடு. பரவலா மேஞ்சா சரி,” என்பார். பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டு மகனிடம் அவர் சொன்னது: “குஞ்சாவது கத்தும். இது கத்தவும் செய்யாது தம்பி. இதுக்கு ஒதுங்க எடம் எங்க விட்டிருக்க?”

பாம்புக்குச் சூடு என்ற விஷயத்தின் மையம் அந்தக் கேள்வியில் இருக்கிறது. பெட்டி முழுவதும் ஒரே சூடாக இருக்கக் கூடாது. ஒரு முனை சூடாகவும் மறுமுனை குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும். பால் பைத்தானுக்குச் சூடான முனையில் 31 அல்லது 32 டிகிரி, குளிர்ந்த முனையில் 25 முதல் 27 வரை, இரவில் எந்த மூலையிலும் 24 க்குக் கீழே போகாமல் இருந்தால் போதும். எப்போது எங்கே படுப்பது என்பதைப் பாம்பு முடிவு செய்துகொள்ளும். தின்றபின் சூட்டுப் பக்கம் போகும்; செரித்தபின் நகரும். இரண்டு பக்கமும் ஒளிந்துகொள்ள மறைவு இருந்தால்தான் இது நடக்கும். ஒரே பக்கம் மறைவு வைத்தால், சூடு தேவைப்பட்டாலும் பயத்துக்காகக் குளிரிலேயே கிடக்கும். பாதியாக உடைந்த மண்பானை இரண்டைக் கவிழ்த்து வைத்ததில் அந்தக் குறை தீர்ந்தது. காசு கொடுத்து வாங்கும் பிளாஸ்டிக் குகைகளை விட உடைந்த பானை நல்லது. அது ஈரத்தையும் சூட்டையும் மெதுவாக வாங்கி மெதுவாக விடும்.

இரண்டாவது பெட்டி ஒட்டுப்பலகையில் செய்யப்பட்டது. நான்கு அடி நீளம், இரண்டு அடி அகலம், ஒன்றரை அடி உயரம். முன்பக்கம் மட்டும் நகரும் கண்ணாடி. பலகை சூட்டைப் பிடித்து வைக்கும் என்பது அதன் நன்மை. அதே குணம் ஒரு தொல்லையும் தந்தது. அடியில் ஒட்டும் ஹீட்டிங் மேட்டைப் பலகைக்கு வெளியே ஒட்டினால் சூடு உள்ளே வராது. ஆகவே 16 வாட் மேட் பெட்டிக்கு உள்ளேயே, இரண்டு தரை டைல்ஸுக்கு நடுவில் வைக்கப்பட்டது. டைல்ஸ் சூட்டைச் சேமிப்பதால் கரண்ட் போனபின்னும் சற்று நேரம் வெதுவெதுப்பு நின்றது. ஆனால் இப்படி நடுவில் சிக்கிய மேட் கட்டுப்பாடில்லாமல் சூடேறும். சூட்டை அளந்து கரண்டை நிறுத்தித் திறக்கும் தெர்மோஸ்டாட் இல்லாமல் அதைப் போடுவது ஆபத்து.

பாம்பு சுடுகிற இடத்திலிருந்து தானாக விலகிவிடும் என்று நினைப்பதற்கு இடமில்லை. மலைப்பாம்பின் மேலுதட்டில் உள்ள குழிகள் சற்றுத் தள்ளி இருக்கும் எலியின் உடற்சூட்டைக்கூட உணரக்கூடியவை. அப்படிப்பட்ட விலங்கு, வயிற்றுக்கடியில் இருக்கும் தரை 45 டிகிரியைத் தாண்டியும் அதன்மேல் படுத்தே கிடந்து வயிற்றுச் செதில்கள் வெந்துபோன நிகழ்வுகள் வளர்ப்பவர்களிடையே நிறைய உண்டு. காட்டில் சூடு எப்போதும் மேலிருந்துதான் வரும். கீழிருந்து எரியும் தரையை அந்த உடம்பு அறிந்ததில்லை என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். காரணம் எதுவாயினும், தெர்மோஸ்டாட்டின் சென்சார் முனையை டைல்ஸின் மேற்பரப்போடு ஒட்டி வைப்பதும், அது இடம் மாறிவிட்டதா என்று தினமும் பார்ப்பதும் வளர்ப்பவரின் கடமை. ஒருமுறை பாம்பு ஊர்ந்ததில் சென்சார் கழன்று குளிர்ந்த பக்கம் விழுந்தது. தெர்மோஸ்டாட் குளிர்ந்த காற்றைப் படித்து மேட்டுக்கு விடாமல் கரண்ட் கொடுத்தது. மில்லில் பேரிங் சூடு பார்க்கும் லேசர் கன்னைக் கொண்டுவந்து அளந்தபோது டைல்ஸ் 41 காட்டியது. அன்றே சென்சார் திருகு போட்டு இறுக்கப்பட்டது. இந்த அளவுக்கு நெற்றியில் வைத்துக் காய்ச்சல் பார்க்கும் கருவி உதவாது. அது மனித உடற்சூட்டின் குறுகிய எல்லைக்குள் மட்டும் படிக்கும்படி செய்யப்பட்டது.

மின்செலவைப் பற்றி வீட்டில் எழுந்த பயம் தேவையற்றதாக முடிந்தது. 16 வாட் மேட் நாள் முழுவதும் விடாமல் எரிந்தாலும் 0.384 யூனிட், இரண்டு மாதத்துக்கு 23 யூனிட். தமிழ்நாட்டில் 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். தெர்மோஸ்டாட் இருந்ததால் உண்மையான செலவு இதிலும் குறைவு.

சூடும் ஈரமும் ஒன்றையொன்று விட்டுப் பிரியாதவை. காற்றைச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் இறங்கும். பாம்பின் பெட்டிக்கு 55 முதல் 60 சதவீதமும், சட்டை உரிக்கும் நாட்களில் 70 சதவீதமும் வேண்டும். இந்த எண்ணைப் பார்த்ததும் மகனுக்கு முகம் தெளிந்தது. நூற்பாலைத் தளம் முழுவதும் ஏறத்தாழ இந்த ஈரப்பதத்தில்தான் ஓடுகிறது. ஈரம் குறைந்தால் நூல் அறும், பஞ்சு பறக்கும்; அதற்காகவே ஒவ்வொரு மில்லிலும் தனி ஈரக்காற்று ஆலை இருக்கிறது. ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டரையும் சுற்றாததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்திலிருந்து ஈரப்பதம் கணக்கிடுவது அங்கே அன்றாட வேலை. அதே முறை பெட்டிக்கு வந்தது. சூட்டுப் பக்கம் அகன்ற மண்சட்டியில் தண்ணீர் வைத்தால் ஈரம் ஏறியது. குளிர்ந்த பக்கத்துக்கு நகர்த்தினால் இறங்கியது. தேங்காய் நார்த்தூள் படுக்கையை வாரம் ஒருமுறை லேசாக நனைத்தார்கள். ஆனால் குளிரும் ஈரமும் சேர்ந்து வந்துவிடக் கூடாது. அந்த இரண்டும் சேர்ந்தால் மூக்கில் குமிழி கட்டும், மூச்சில் சீழ்க்கை கேட்கும், பாம்பு வாயைத் திறந்து தலையை மேலே தூக்கி வைத்திருக்கும். நுரையீரல் சளிக்கு அடையாளம் அது. அதற்கு வீட்டு வைத்தியம் கிடையாது. ஊர்வன பற்றி அறிந்த கால்நடை மருத்துவரிடம்தான் போக வேண்டும். எரியோட்டிலிருந்து அப்படி ஒருவரைத் தேடுவது என்பது ஒரு நாள் பயணம்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரை ஏறி, திண்டுக்கல் மாவட்டம் வழியாக மேற்கே போனது. டெல்டாவில் தென்னை சாய்ந்த அளவுக்கு இங்கே சேதம் இல்லை. ஆனால் மழையும் காற்றும் இருந்தன, கரண்ட் போனது. அந்த வீட்டில் இரண்டு இரவு வரவில்லை. டைல்ஸில் இருந்த சூடு நான்கு மணி நேரத்தில் தீர்ந்தது. பாம்பைத் தலையணை உறைக்குள் விட்டு முடிச்சுப் போட்டு, மீன் வரும் தெர்மாகோல் பெட்டியில், ஓட்டை போட்டு வைத்தார்கள். அடுப்பில் தண்ணீர் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டில் பாட்டிலில் ஊற்றி, துண்டு சுற்றி, பெட்டியின் ஒரு முனையில் மட்டும் படுக்க வைத்தார்கள். மூன்று மணிக்கு ஒருமுறை தண்ணீர் மாற்ற வேண்டியிருந்தது. இரண்டாம் இரவு இரண்டு மணி முறைக்கு எழுந்து தண்ணீர் மாற்றியவர் தகப்பனார். பாம்பைத் தொடவில்லை, பாட்டிலை மட்டும் மாற்றி, மூடியைச் சரியாக வைத்துவிட்டுப் போய்ப் படுத்தார். குளிர்ந்த முனை 23 க்குக் கீழே போகவில்லை. கரண்ட் எப்போது வரும் என்று தெரியாத நாட்களில் இரை கொடுக்கக் கூடாது என்பது அப்போது உறுதியான வழக்கம். பசியோடு குளிரைத் தாங்கும் பாம்பு, வயிற்றில் இரையோடு தாங்காது.

சமவெளியில் குளிரை விடக் கோடைதான் உயிரை எடுப்பது. குளிர் பல நாளில் செய்யும் கேட்டை வெப்பம் ஒரு மதியத்தில் செய்துவிடும். பெட்டிக்குள் ஒதுங்க இடமில்லாமல் 38 டிகிரி ஏறிவிட்டால் மலைப்பாம்பு பிழைப்பது அரிது. மாசி கடைசியில் மேட் அணைக்கப்பட்டு, பெட்டி மாடியிலிருந்து கீழே, நாட்டு ஓடு வேய்ந்த பின்கட்டுக்கு மாற்றப்பட்டது. கான்கிரீட் மாடி அறை இரவு பத்து மணிக்கும் அனல் வீசும். ஓட்டுக்கடியில் சூடு மேலே ஏறி இடுக்கு வழியாகப் போய்விடும். பெட்டியின் மேல் ஈரச் சாக்கு விரிக்கப்பட்டது. எரியோட்டுக் கோடைக்காற்று வறண்டது என்பதால் ஈரச் சாக்கும் மண்பானையும் இங்கே நன்றாக வேலை செய்கின்றன; கடலோரப் புழுக்கத்தில் அந்த அளவுக்குச் செய்யாது. அங்கேயும் மண்பானையை நம்பிய கை தேர்ந்தவர்கள் உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில், 1978 இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தில் விஷம் எடுக்கப் பிடிக்கும் பாம்புகளை மண்பானைக்குள், வாயைத் துணியால் கட்டித்தான் வைத்திருக்கிறார்கள். சுவாசிக்கும் சுவரும் இருட்டும் நிழலும் ஒரே பொருளில் கிடைப்பது பானையில்தான்.

நம் ஊர் மலைப்பாம்பு இந்தச் சிக்கலைத் தானே தீர்த்துக்கொள்ளும். சிறுமலை அடிவாரத்திலும் அய்யலூர்க் காட்டுப் பக்கமும் பாறை இடுக்கு, வளை, வெயில்படும் மேடு மூன்றும் சில அடி தூரத்துக்குள் கிடைக்கின்றன. ராஜஸ்தானின் பரத்பூர் கேவலாதேவ் பூங்காவில், பின்னாளில் கோவை ஆனைகட்டியில் உள்ள சலீம் அலி மையத்தில் பணியாற்றிய ஆய்வாளர் சு. பூபதி, வி.எஸ். விஜயனோடு சேர்ந்து 1980களில் மலைப்பாம்புகளைக் கவனித்தார். அங்கே குளிர்காலத்தில் பாம்புகள் முள்ளம்பன்றி வளைகளுக்குள் தங்கி, வெயில் ஏறியதும் வளை வாயிலில் வந்து காய்ந்துவிட்டுத் திரும்புவது பதிவாகியிருக்கிறது. எரியோட்டுப் பெட்டியின் இரண்டு முனைகளும் அந்த வளையையும் அந்த வாயிலையும்தான் நான்கு அடிக்குள் கொண்டுவர முயன்றன.

மலைப்பாம்புக்குச் சூடே உண்டாக்கத் தெரியாது என்ற தொடக்க வாக்கியத்துக்கு ஒரு விலக்கு இருக்கிறது. அதை அந்த வீட்டில் யாரும் முதலில் நம்பவில்லை. நம் நாட்டு மலைப்பாம்பில் முட்டையிட்ட தாய், முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு, இரண்டு மாதம் போல நகராமல், தசைகளைத் திரும்பத் திரும்ப இறுக்கி நடுங்கி, அந்த நடுக்கத்தால் சூடு உண்டாக்கும். இந்தியாவில் இதைக் கண்ட லமார்-பிகோ என்ற பிரெஞ்சுப் பயணி 1832 இல் சொன்னபோது பாரிஸ் அறிவியல் கழகம் ஏற்க மறுத்தது. 1841 இல் வலான்சியென் என்ற விலங்கியலாளர் பாரிஸ் விலங்குக்காட்சிச் சாலையில் அடைகாத்த ஒரு பாம்பின் சுருளுக்குள் தெர்மாமீட்டர் வைத்து அளந்து அது உண்மையென்று காட்டினார். 1966 இல் நியூயார்க்கில் ஹட்சிசன், டவுலிங், வினகர் ஆகிய மூவர் அளந்ததில், தாய்ப் பாம்பு சுற்றுக் காற்றை விட ஏறத்தாழ 5 டிகிரி வரை கூடுதலாகத் தன் சுருளைச் சூடாக வைத்திருந்தது. காற்று குளிரக் குளிர நடுக்கமும் கூடியது. பால் பைத்தான் தாயும் முட்டைகளைச் சுற்றிக்கொள்ளும், ஆனால் இப்படி நடுங்குவதில்லை. அது காப்பது முக்கியமாக முட்டையின் ஈரத்தை. இதைக் கேட்டுத் தகப்பனார் வெகுநேரம் பேசவில்லை. அடைக்கோழியை ஆயுள் முழுக்கப் பார்த்தவர் அவர். அன்றிலிருந்து பாம்பை ‘அது’ என்று சொல்வதை விட்டு ‘அவ’ என்றார். அது ஆணா பெண்ணா என்று அப்போது யாருக்கும் தெரியாது.

ஊரில் பாம்பு வளர்க்கிற வீடு என்று பேர் பரவியதில் ஒரு சங்கடம் வந்தது. 2019 மழைக்காலத்தில் தோட்டத்து வலையில் சிக்கிய ஏழடி நாட்டு மலைப்பாம்பைச் சாக்கில் கட்டிக்கொண்டு, “நீங்க வச்சு வளர்த்துக்கங்க” என்று சிலர் வாசலில் வந்து நின்றார்கள். நாட்டு மலைப்பாம்பு 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. அதைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் மூன்றாண்டுக்குக் குறையாத சிறைக்குரிய குற்றம். வனத்துறைக்குச் சொல்லி அவர்கள் வரும்வரை சாக்கை வேப்பமரத்தடியில், நனைந்த மண்ணில், வெயில் படாமல் வைத்தார்கள். செய்ய வேண்டியதும் அவ்வளவுதான். சூடு காட்டுவதோ தண்ணீர் ஊற்றுவதோ தேவையில்லை.

வெளிநாட்டு வகைகளுக்கு அப்போது தெளிவான விதி இல்லை. 2020 ஜூனில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அவற்றை வைத்திருப்பவர்கள் தாமாக முன்வந்து தெரிவிக்க ஒரு வாய்ப்புக் கொடுத்தது. அந்த வீட்டுப் பாம்பு அப்படித்தான் கணக்குக்குள் வந்தது. அதே வனவிலங்குச் சட்டத்துக்கு வந்த 2022 ஆம் ஆண்டுத் திருத்தம், அருகிவரும் உயிரினங்களுக்கான பன்னாட்டு வணிக ஒப்பந்தப் (CITES) பட்டியலில் உள்ளவற்றை நான்காம் அட்டவணைக்குள் கொண்டுவந்தது. பால் பைத்தானும் அதில் அடங்கும். 2024 இல் வந்த விதிகளின்படி அவற்றை அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்வது கட்டாயமாயிற்று. பாம்பு வாங்க நினைப்பவர் ஹீட்டருக்கு முன் இந்தத் தாள்களைத் தேட வேண்டும்.

பெட்டியின் ஆண்டு ஒழுங்கு அந்த வீட்டில் இப்படி நிலைத்தது. கார்த்திகையில் முதல் குளிர்காற்று வந்ததும் மேட் போடப்படும், 32 இல் நிறுத்தப்படும். மார்கழி முழுவதும் இரை மூன்று வாரத்துக்கு ஒன்று. கொடுத்த நான்கு நாளும் தெர்மோஸ்டாட்டின் சிவப்பு விளக்கைத் தூங்கப் போகுமுன் ஒருவர் பார்க்க வேண்டும். தை பிறந்தபின் சூடு இரவுக்கு மட்டும். மாசிக் கடைசியில் மேட் அணையும், பெட்டி பின்கட்டுக்கு இறங்கும். பங்குனி முதல் ஆனி வரை ஈரச் சாக்கு. ஆடியில் காற்று திரும்பியதும் சாக்கு காயவைத்து மடிக்கப்பட்டு, பழையபடி கோழிக் கொட்டகைக்குப் போய்விடும்.